வணிகருக்கும் ஓய்வு வேண்டாமா?

நமது இதழில் வரி, உரிமம், எடைக்கருவி முத்திரை, வாடகை உயர்வு, பெரிய கம்பெனிகளின் போட்டி என்று பல பொருள்கள் பற்றிப் பலரும் எழுதி வருகிறார்கள். எல்லாம் அவசியமானவைதாம். ஆனால் கடைக்குள் உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பற்றி எழுதக் காணோம். அதிகாலையில் பால் வண்டி வரும்போது கதவைத் திறந்து, இரவு பத்தரைக்குக் கல்லாவை எண்ணி முடித்து ஷட்டரை இழுத்துவிடும் நம் மளிகைக் கடைக்காரருக்கு ஓய்வு என்று ஒன்று உண்டா?

நம் கடையில் பொட்டலம் மடிக்கும் பணியாளருக்கு உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 அவருக்கு வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை கொடுக்கச் சொல்கிறது. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தால் சம்பளத்துடன் 12 நாள் விடுப்பும் உண்டு. முதலாளிக்கு இப்படி எதையும் எந்தச் சட்டமும் எழுதி வைக்கவில்லை. அவராக எடுத்துக்கொண்டால்தான். அவரோ எடுத்துக்கொள்வதில்லை. மே 5 வணிகர் தினத்துக்குக் கடை அடைப்போம், அன்றைக்கும் மாநாட்டுப் பந்தலில் இருப்போம். பொங்கலன்று அரை நாள். நெருங்கிய உறவில் சாவு விழுந்தால் ஒரு நாள். இவ்வளவுதான் நம்மில் பலருடைய ஆண்டுக் கணக்கு.

"ஏன், போன வருஷம் குடும்பத்தோடு டூர் போய் வந்தோமே" என்பார்கள். அந்த டூரை யோசித்துப் பாருங்கள். ஒரு வேனில் பதினான்கு பேர். இரண்டு நாளில் ஒன்பது நவக்கிரகத் தலங்கள். வீட்டு அம்மாள் முதல் நாள் இரவு இரண்டு மணி வரை புளியோதரை கட்டுகிறார். கோயில் நடை சாத்துவதற்குள் ஓட்டம், அடுத்த ஊரில் லாட்ஜ் தேடும் ஓட்டம். கடைக்காரர் காதில் கைபேசியோடு, து.பருப்பு லோடு வந்ததா, மண்டிக்குப் பணம் கட்டியாயிற்றா என்று விசாரித்துக்கொண்டே சாமி கும்பிடுகிறார். திரும்பி வந்ததும் எல்லோருக்கும் கால் வீக்கம். தலயாத்திரையை நான் குறை சொல்லவில்லை. வேண்டுதல் இருந்தால் போகத்தான் வேண்டும். ஆனால் அதை ஓய்வு என்ற கணக்கில் பற்று வைக்கக் கூடாது.

நான் சொல்ல வருவது வேறு மாதிரியான பயணம். கிராமப் பாங்கான ஓர் இடத்தில், காற்றோட்டமான ஒரு பெரிய வீட்டில், மூன்று இரவு ஒரே இடத்தில் தங்குவது. காலையில் பக்கத்தில் ஏதாவது ஓர் ஊருக்குப் போய், பார்க்க வேண்டியதை நிதானமாகப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பி விடுவது. பிற்பகலில் தூங்குவது. அவ்வளவே. வெளிநாட்டுக்காரர்கள் இதை நம் ஊரிலேயே வந்து அழகாகச் செய்கிறார்கள். காரைக்குடி, கானாடுகாத்தான், கடியாபட்டி பக்கம் குளிர்காலத்தில் போனால் பார்க்கலாம். நாம் மட்டும் "அதெல்லாம் வெள்ளைக்காரர் சமாச்சாரம்" என்று ஒதுங்கி நிற்கிறோம்.

அந்த வீடுகளைக் கட்டியவர்கள் யார் என்று ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். மன்னர்களோ ஜமீன்தார்களோ அல்லர். வியாபாரிகள். 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு சேர்க்கப்பட்டபோது அதற்குக் கொடுக்கப்பட்ட விளக்கமே, தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுதிகள் என்பதுதான். தாஜ்மகாலைப் பார்க்க ஆக்ராவுக்குப் போகும் நம்மவர், வணிகத்தில் சம்பாதித்தவன் எப்படி வாழ்ந்தான் என்று பார்க்கப் பக்கத்து மாவட்டத்துக்குப் போவதில்லை.

நகரத்தார்கள் பர்மா, மலேயா, இலங்கை, சைகோன் என்று கடல் கடந்து தொழில் செய்தவர்கள். அதைக் 'கொண்டுவிற்கப் போவது' என்று சொல்வார்கள். கடைக்கு மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், பிறகு பெட்டியடிப் பையன் என்று ஒழுங்கான நிர்வாகம். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மேலாளை அனுப்பும்போதே மூன்று ஆண்டுத் தவணை பேசித்தான் அனுப்புவார்கள். தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு அவர் ஊருக்கு வந்து பல மாதங்கள் இருப்பார். கடையை இன்னொருவர் பார்ப்பார். அதாவது, நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர்கள் ஓய்வைத் தொழில் ஏற்பாட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். ரங்கூனில் கொடுக்கல் வாங்கல் நின்றுபோகவில்லை. 1930களில் கீழ்ப் பர்மாவில் நெல் விளையும் முக்கிய மாவட்டங்களின் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு அவர்கள் கைக்கு வந்திருந்தது. (அது அந்த நாட்டு விவசாயிக்கு என்ன செய்தது என்பது வேறு விஷயம். அதையும் மறைக்க வேண்டியதில்லை.)

அப்படி ஊருக்கு வருகிறவர்கள் இருப்பதற்கும், வீட்டுக் கல்யாணங்கள் நடப்பதற்கும் கட்டப்பட்டவைதான் இந்த வீடுகள். ஒரு தெருவில் வாசல், பின் தெருவில் கொல்லை. முன்னால் முகப்பும் திண்ணையும். உள்ளே போனால் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். இதுதான் வளவு. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அங்கே ஓர் அறை. அவன் குடும்பம் தனிப் 'புள்ளி' என்று கோயில் கணக்கில் ஏறும். அடுத்து இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, கடைசியில் அடுப்படி. பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து சலவைக்கல், பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி, ஜப்பானிலிருந்து ஓடு எல்லாம் கப்பலில் வந்தன. சுவருக்குச் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்துப் பூசினார்கள். கையால் தடவிப் பாருங்கள், பளிங்கு போல இருக்கும். சித்திரை வெயிலிலும் உள்ளே கால் வைத்தால் தரை சில்லென்று இருக்கும். மழை பெய்தால் நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் விழும். அண்டாக்களில் பிடித்தது போக மிச்சம் வடிகால் வழியாக ஊரணிக்குப் போகும்.

இந்த வீட்டில் ஒரு பகல் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஈடான மருந்து நம் தொழிலில் இருப்பவருக்கு வேறில்லை என்பது என் கருத்து. நாம் இருக்கும் இடம் எப்படிப்பட்டது? பத்துக்குப் பன்னிரண்டு கடை. தலைக்கு மேல் ஷாம்பு சாஷே சரம், முதுகுக்குப் பின்னால் எண்ணெய் டின், காலுக்கடியில் வெல்ல மூட்டை, மூக்கில் மிளகாய் நெடி. இருபது, முப்பது ஆண்டு இப்படிக் குறுகி உட்கார்ந்தவருக்கு, முன்னால் நாற்பது அடிக்குத் தடையில்லாமல் பார்வை போவதே ஒரு சிகிச்சை. யாரும் "அண்ணாச்சி, கால் கிலோ உளுந்து" என்று கேட்க மாட்டார்கள். முதல் நாள் அது சங்கடமாகக்கூட இருக்கும், கை எதையாவது தேடும். இரண்டாம் நாள் சரியாகிவிடும்.

இந்த வீடுகளின் நிலைமையையும் சொல்ல வேண்டும். 1930களின் உலகப் பொருளாதார மந்தம் முதல் அடி. 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தது இரண்டாம் அடி. பர்மா விடுதலை பெற்ற பின் நிலங்களும், 1960களில் வணிகமும் அரசுடைமை ஆனது கடைசி அடி. வருமானம் நின்றது, வீடு நின்றது. ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பங்காளிகள் இருப்பார்கள். சென்னையில் பாதிப்பேர், அமெரிக்காவில் பாதிப்பேர். கல்யாணத்துக்கோ படைப்புக்கோ மட்டும் திறந்து, மீதி நாள் பூட்டு. பாகம் பிரிப்பதில் ஒப்புதல் வராத வீடு எப்படி ஆகும் என்று சொத்து வழக்கு பார்த்த நம்மவர்களுக்குத் தெரியும். சில வீடுகளைப் பிரித்துத் தூணும் நிலைக்கதவும் தனித்தனியாக விலை போயின. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அவற்றைப் பார்க்கலாம். ஒரு குடும்பத்தின் பீங்கான் ஜாடியும் எனாமல் தூக்கும் விலைச்சீட்டோடு நிற்பதைக் காணும்போது நம் கடைச் சாமான்கள் நினைவுக்கு வராமல் போகாது. தப்பித்த வீடுகளில் சிலவற்றைத்தான் விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள். நாம் கொடுக்கும் அறை வாடகையில் ஒரு பகுதி கூரை ஓடு மாற்றப் போகிறது. அந்த வகையில் அது வீண் செலவு அல்ல.

சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்றால், மூன்று காலைக்குத் தாராளமாகப் போதும். காரைக்குடியிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில் பிள்ளையார்பட்டி. குன்றைக் குடைந்து செதுக்கிய இரு கை விநாயகர். நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்று. புதுக்கணக்குப் போடும் நமக்கு அவரிடம் அறிமுகம் தேவையில்லை. பக்கத்திலேயே குன்றக்குடி. கூட்டமில்லாத கிழமையில் போனால் இரண்டையும் முடித்து ஒரு மணிக்குள் திரும்பிவிடலாம்.

இன்னொரு காலை திருமயம். 1687இல் சேதுபதி கட்டிய கோட்டை மேலே, அதே பாறையின் அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைகள். பள்ளிகொண்ட பெருமாளின் உருவம் மிகப் பெரியது. தேசபக்தர் சத்தியமூர்த்தி பிறந்த ஊரும் இதுவே. முழங்கால் வலி உள்ளவர்கள் கோட்டை ஏற வேண்டாம், கீழேயே போதும். இன்னும் தெம்பிருந்தால் புதுக்கோட்டை தாண்டிச் சித்தன்னவாசல். சமணர் குகையில் தாமரைக் குளம், மீன், யானை என்று தீட்டிய ஓவியங்கள். நிறைய அழிந்துவிட்டன, மிஞ்சியதைப் பார்க்கவாவது போகலாம்.

ஆத்தங்குடிக்குப் பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போக வேண்டும். அங்கே தரை ஓடு செய்வதைப் பட்டறையிலேயே பார்க்கலாம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வர்ணச் சாந்தைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துகிறார்கள். பிறகு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துவார்கள். சூளையே கிடையாது. அந்தப் பளபளப்பு கண்ணாடியின் உபயம். ஒரு நாளைக்கு ஓர் ஆள் எத்தனை ஓடு போடலாம், உடைசல் எவ்வளவு, சதுர அடி அடக்கம் என்ன என்று நம்மவர் கேட்காமல் இருக்க மாட்டார். கேட்கட்டும். மகனும் கூட நின்று கேட்கட்டும். காரைக்குடியில் கண்டாங்கிச் சேலையும் கிடைக்கும், 2019இல் புவிசார் குறியீடு பெற்றது.

ஆனால் என்னைக் கேட்டால், ஒரு முழு நாள் ஒதுக்கிப் போக வேண்டிய இடம் கீழடி. காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீட்டின் அமைப்பிலேயே, முற்றமும் தாழ்வாரமுமாகக் கட்டியிருக்கிறார்கள். காலையில் தங்கிய வீட்டிலிருந்து புறப்பட்டு அதே சாயலில் இன்னொரு வீட்டுக்குள் போவது போல இருக்கும். அங்கே நடந்த ஆறாம் கட்ட அகழாய்வில் 2020இல் எடைக்கற்கள் கிடைத்தன. 8 கிராம், 18 கிராம், 150 கிராம், 300 கிராம். ஆசிரியர்களுக்கும் அறிஞர்களுக்கும் அந்த ஊரில் பானை எழுத்து பெரிதாகத் தெரியலாம். தராசு பிடித்த கைக்கு இந்த நாலு கல்தான் பெரிது. எட்டு கிராமுக்குத் தனிக் கல் வைத்திருந்தவன் எதை நிறுத்தான்? மிளகையா, பொன்னையா, மணியையா? எதுவானாலும் வாங்க வந்தவன் முன்னால் நிறுத்துத்தான் கொடுத்திருக்கிறான். ஆண்டுதோறும் முத்திரை போட இன்ஸ்பெக்டர் வந்தாரா என்பது மட்டும் அகழாய்வில் தெரியவில்லை.

சாப்பாட்டைப் பற்றி நாலு வரி. கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ ஆகிய மூன்றையும் நாம் டப்பாவில் போட்டு வைத்து ஐம்பது கிராம், நூறு கிராம் என்று விற்கிறோம். எதில், எவ்வளவு, எப்போது போட வேண்டும் என்று வாடிக்கைக்கார அம்மாள் கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்? அங்கே சமையற்கட்டில் நின்று பார்த்து வந்தால் தெரியும். கவுனி அரிசியும் அப்படியே. பர்மாத் தொடர்பில் வந்த கறுப்பரிசி, இன்று நகரங்களில் நல்ல விலைக்குப் போகிறது. வெள்ளைப் பணியாரம், மண்டி, கும்மாயம் எல்லாம் மேசைக்கு வரும். இதைவிட முக்கியம், அந்த மூன்று நாளும் வீட்டு அம்மாள் அடுப்பைத் தொட வேண்டியதில்லை. மதியம் நாம் கண்ணயரும்போது கல்லாவில் உட்காருபவர் அவர். மாலையில் வீட்டு வேலையும் அவருடையதே. கடைக்காரருக்கே விடுமுறை இல்லை என்றால் கடைக்காரர் மனைவிக்கு எங்கே இருக்கும்?

இனி நம்மவர்கள் எழுப்பும் ஆட்சேபணைகளைப் பார்ப்போம். மூன்று நாள் அடைத்தால் வாடிக்கை போய்விடும் என்பது முதலாவது. பத்து நிமிடத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் கம்பெனிகள் வந்துவிட்ட இந்நாளில் இந்தப் பயம் நியாயமானதே. ஆனால் கடன் நோட்டில் பேர் உள்ளவர், மாதச் சாமான் சீட்டு கொடுப்பவர், பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கத்துக்காக வருபவர் ஆகிய இவர்கள்தான் நம் கடையை நடத்துகிறார்கள். ஒரு வாரம் முன்பே சொல்லி வைத்தால் இவர்கள் சாமானை முன்கூட்டியே வாங்கிக்கொள்வார்கள். மூன்று நாள் அடைப்பில் போகிற வாடிக்கை, அடைக்காவிட்டாலும் போகத்தான் போகிறது. நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் படுத்து முப்பது நாள் கடை பூட்டிக் கிடப்பதையும் நாம் ஊருக்கு ஊர் பார்க்கிறோம். அதற்கு யாரும் முன்கூட்டி நோட்டீஸ் ஒட்டுவதில்லை.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. நம் பிள்ளைகள் கடைக்கு வர மாட்டேன் என்கிறார்கள். படிப்பு, சம்பளம், நகர வாழ்க்கை என்று காரணம் சொல்கிறோம். பிறந்தது முதல் அப்பா ஒரு நாள்கூட வெளியே வராமல் கிடந்ததைப் பார்த்த பிள்ளை அந்த நாற்காலியில் எதற்கு உட்காருவான்? மாதம் முப்பதாயிரம் சம்பளக்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது, அதைவிட அதிகம் சம்பாதிக்கும் அப்பாவுக்கு இல்லை. கணக்குத் தெரிந்த பிள்ளை எதைத் தேர்ந்தெடுப்பான் என்று நமக்கே தெரியும்.

இரண்டாவது ஆட்சேபணை செலவு. உண்மைதான், பேர்பெற்ற பெரிய விடுதிகளில் ஓர் இரவு வாடகை சின்னக் கடையின் ஒரு வார லாபத்தை விழுங்கிவிடும். அங்கே போக வேண்டிய கட்டாயம் இல்லை. ஐந்தாறு அறையோடு வீட்டுக்காரர்களே நடத்தும் சிறிய வீடுகளும் இருக்கின்றன. நான்கு குடும்பம் சேர்ந்து, வாரநாளில், முழு வீட்டையும் பேசினால் விலை இறங்கும். மூட்டைக்கு ஐந்து ரூபாய் குறைக்க மண்டியில் அரை மணி நேரம் நின்று பேசுகிறவர்கள் நாம். மொத்த விலை கேட்க நமக்கா சொல்லித் தர வேண்டும்? வரியும் இறங்கியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டது. பில் கேட்டு வாங்குங்கள். நம்மிடம் பில் கேட்கும் அதிகாரிகளுக்கு மரியாதை செய்தது போலவும் இருக்கும்.

காலம் எப்போது என்றால், தீபாவளியும் பொங்கலும் நமக்கு ஆகாது. தை கடைசியும் மாசியும் பொருத்தம். வியாபாரம் மந்தம், அந்தப் பக்கத்து வெயிலும் ஏறியிருக்காது. திருப்பத்தூர் அருகே வேட்டங்குடிக் கண்மாய்களுக்கு வந்த பறவைகளில் கொஞ்சம் அப்போதும் இருக்கும். அந்தப் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசே வெடிக்காத ஊர்கள் அவை. மாதத்தில் 11, 20 ஆகிய ரிட்டர்ன் தேதிகளை விட்டுவிட்டு நாள் குறித்தால் ஆடிட்டர் கூப்பிட மாட்டார். சென்னையிலிருப்பவர்களுக்குக் காரைக்குடி வரை பல்லவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கானாடுகாத்தான் தெருவில் பார்க்கிற வீடெல்லாம் காட்சிசாலை அல்ல. கதவு திறந்திருக்கிறதே என்று உள்ளே போய்ப் படம் பிடிக்கக் கூடாது. கட்டணம் வாங்கிக் காட்டும் வீடுகள் தனியே இருக்கின்றன.

நமது சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒரே தெருவில் நாலு மளிகைக் கடை இருந்தால், முறை வைத்து ஆளுக்கு மூன்று நாள் அடைக்க ஏற்பாடு செய்யலாம். அடைத்த கடையின் வாடிக்கைக்கு மற்றவர் சரக்குக் கொடுத்து, கடன் நோட்டை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வாடிக்கையை இழுத்துக்கொள்ள மாட்டோம் என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுப்பதுதான் இதில் கடினம், வீடு பிடிப்பது சுலபம். சங்கத்தின் சார்பில் காரைக்குடிப் பக்கத்து நண்பர்கள் மூலம் இரண்டு மூன்று வீடுகளில் விலை விசாரித்து வைத்தால், மாசி மாதத்துக்கு முதல் தொகுதியாக நான்கு குடும்பங்கள் புறப்படலாம். வரும் பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக வைக்கும்படி செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். போக விரும்புகிறவர்கள் அதற்கு முன்பே, எந்த மூன்று நாள் தோதுப்படும் என்பதையும் பக்கத்துக் கடைக்காரர் சம்மதத்தையும் எழுதி அலுவலகத்தில் கொடுத்து வைக்கலாம்.